அடிவரி அண்ணாச்சியும் ஓடிப்போன நிகழ்ச்சியும்

இந்தியாவிலேயே டிவியைப் பார்க்காமல் படித்த ஒரே மனிதர் எங்கள் அடிவரி அண்ணாச்சிதான். மேலே வெள்ளம் வரட்டும், தாலி கட்டட்டும், கதாநாயகி கிணற்றில் குதிக்கட்டும். அவர் கண் திரையின் அடியில் ஓடும் எழுத்தை விட்டு ஓர் அங்குலம் மேலே ஏறாது. ஒரு தொடரில் நாயகி செத்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, "அந்தப் பிள்ளைய இப்பல்லாம் காணோமேடே, லீவுல போயிருக்காளோ?" என்று என்னிடம் விசாரித்தார்.

அவருடைய சொந்தப் பெயர் சந்தில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் கூரியர்காரன் அந்தப் பெயரைச் சொல்லி வீடு வீடாகக் கேட்டபோது, "அப்படி ஒரு ஆளு இங்க கெடையவே கெடையாது பையா" என்று எல்லோரும் சத்தியம் செய்து திருப்பி அனுப்பிவிட்டோம். அனுப்பியவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். அவருக்கே மறந்துபோயிருந்தது.

தாராவியில் எங்கள் சந்து ஓர் ஆள் நிமிர்ந்தும் இன்னோர் ஆள் ஒருக்களித்தும் போகிற அகலம். இரண்டு பக்கமும் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள். பேச்சு அசல் நெல்லைச் சீமை; பிள்ளைகள் படித்ததோ இந்தியிலும் இங்கிலீஷிலும். தமிழ் எழுத்தைக் காட்டினால், "ஜிலேபி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். பேக் பட்டறையில் ஜிப் தைக்கும் அண்ணாச்சிதான் சந்துக்கு ஒரே எழுத்தறிவு. உண்மையில் எனக்கும் வாசிக்கத் தெரியும். செம்பூர் ஆபீசுக்கு ரயிலில் போகும்போது தமிழ் வாரப் பத்திரிகை படிக்கிறவன் நான். ஆனால் சந்தில் மூச்சு விட்டதில்லை. விட்டால் ஊரிலிருந்து வருகிற கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், மருந்துச் சீட்டு அத்தனையும் என் தலையில் விழும்.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அண்ணாச்சியின் கோலியில் (மும்பையில் ஒற்றை அறை வீட்டுக்கு அதுதான் பெயர்) சந்தே நெருக்கியடித்து உட்காரும். ஒற்றை அறை, ஒற்றை ஆள், ஒற்றை டம்ளர். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்டால், "கேட்டாவ, நாந்தான் கவனிக்கல" என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வீட்டுக்குக் குடும்பம் உண்டு. காரணம் 'குடும்பமே குதிக்கட்டும்' என்ற நிகழ்ச்சி. மாமியார், மருமகள், நாத்தனார் எல்லோரும் மேடையேறிக் குதிப்பார்கள். எதற்காகக் குதிக்கிறார்கள் என்பது அடியில் எழுத்தாக ஓடும். விளம்பரம் வந்தால் அண்ணாச்சி சத்தத்தை அடைத்துவிடுவார். அது அவர் நேரம்.

"கும்பகோணம் குடும்பம். மாமனாருக்கு வயசு எளுவத்தொண்ணு. ஒரு கால்ல ஆடுவாரு. ஜோரா கை தட்டுங்கல!"

ஓடாத எழுத்தையும் வாசிப்பார் என்பதுதான் ரகசியம். எதிர்வரிசை ஸ்டெல்லா பேங்க் பரீட்சை பாஸான வாரம், "தாராவி ஸ்டெல்லாவுக்கு எங்கள் தொலைக்காட்சியின் வாழ்த்துகள்" என்று வாசித்தார். திரையில் ஓடியதோ ஏதோ ஒரு அணையின் நீர்மட்டம். ஸ்டெல்லாவின் அம்மா அழுதேவிட்டாள். சென்னையில் இருக்கிற சேனலுக்கு நம் பிள்ளையைத் தெரிந்திருக்கிறதே என்று அந்த வாரம் முழுக்கச் சந்தில் பேச்சு.

இந்தச் சேனலுக்கு ஓர் எதிரிச் சேனல் உண்டு. பெயர் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். அண்ணாச்சி அதைத் தன் பெட்டியிலிருந்தே விலக்கி வைத்திருந்தார். ஒரு தடவை அதில் 'வாழைப்பழம்' என்பதை 'வாளைப்பளம்' என்று போட்டுவிட்டார்களாம்.

"நீங்களும் வாளப்பளம்னுதான அண்ணாச்சி சொல்லுதீய?" என்று கேட்டேன்.

"பேச்சுல வரலாம்டே. எளுத்துல வரலாமா? எளுத்துன்னா ஒரு மட்டு மரியாதி வேண்டாமா?"

அந்த எதிரிச் சேனலுக்குத்தான் 'குடும்பமே குதிக்கட்டும்' குடிபெயர்ந்தது. நான் ரயிலில் பத்திரிகையில் படித்தேன். அதே பத்திரிகை அண்ணாச்சியின் தலையணைக்கு அடியிலும் கிடந்தது. பழைய சேனலின் கடைசி ஞாயிறு. விளம்பரம் வந்தது, சத்தம் அடைபட்டது, அடியில் எழுத்து ஓடியது: 'இந்த நிகழ்ச்சி நமது தொலைக்காட்சியில் இன்றுடன் நிறைவடைகிறது. நேயர்களுக்கு நன்றி.'

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். ஒருமுறை அல்ல, மூன்று முறை.

"பராமரிப்புப் பணிகள் காரணமாக நிகழ்ச்சி சில வாரங்களுக்கு வராது. நேயர்கள் வேற எங்கயும் போவாண்டாம்."

ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. குழாயில் தண்ணீர் நின்றாலும் கரண்ட் போனாலும் இதே வார்த்தையைத்தானே கேட்டு வளர்ந்திருக்கிறோம். குடும்பங்கள் அவ்வளவு குதித்தால் மேடை பழுதாகத்தானே செய்யும் என்று ஸ்டெல்லாவின் அம்மா காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு அதே ஏழு மணிக்குப் பழைய சேனலில் ராசிக்கல் விற்றார்கள். ஒரு மணி நேரம். அண்ணாச்சி பட்ட பாடு இருக்கிறதே! "இதுவும் போட்டிதாங்கேன். மரகதமா பவளமான்னு கடைசியிலதான் தெரியும், எந்திரிக்காதீய!" என்று கூட்டத்தைப் பிடித்து உட்கார வைத்தார். ஜெயிக்கப்போவது நீலக்கல் என்று இரண்டு பேர் பந்தயம்கூடக் கட்டிவிட்டார்கள்.

அப்போதுதான் ஸ்டெல்லாவின் போன் அடித்தது. தூத்துக்குடிச் சித்தி. கை வேலையாக இருந்ததால் ஸ்டெல்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, பாக்கியா? அந்தக் கெளவி குட்டிக்கரணம் போடுதாட்டி! சேனல மாத்திட்டாவன்னு தெரியும்லா?"

பின்னணியில் எங்களுக்கு மனப்பாடமான அந்த டண்டணக்கா இசை கேட்டது. அறையே அண்ணாச்சியைப் பார்த்தது. அவர் மரகதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஜூட் சொன்னீங்களா? பொய்யா?" என்றாள் ஸ்டெல்லா.

"எளுத்து வேகமா ஓடிட்டும்மா."

"பராமரிப்புன்னீங்களே!"

"ஆமா... அங்க ஒரு எடத்துல 'ப' இருந்துச்சு."

அவ்வளவுதான். எதிர்வீட்டுத் தையல்கார மேரி அக்காவிடம் பெரிய டிவி, எதிரிச் சேனலும் உண்டு. இரண்டு நிமிடத்தில் கூட்டம் சந்தைக் கடந்தது. கடப்பதற்கு இரண்டடிதான், அண்ணாச்சிக்கு அது இரண்டு ஜில்லா. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

"நீயும் போடே."

"எனக்கு வாசிக்கத் தெரியும் அண்ணாச்சி."

"தெரியும். அன்னைக்கு எளுத்து ஓட ஓட ஒன் கண்ணும் ஓடுச்சே. எங்க போட்டுக் குடுத்துருவியோன்னு எனக்கு வேர்த்துட்டு." டிவி சத்தத்தை அடைத்தார். பிறகு, "எனக்கு அந்தக் குதியாட்டம் ஒண்ணும் பிடிக்காதுடே. ஆனா ஞாத்திக்கெளம வந்தா நாலு பேரு 'அண்ணாச்சி, என்ன போட்டிருக்கு'ன்னு கேப்பாவல்லா. மத்த ஆறு நாளும் என்கிட்ட யாரு என்ன கேக்கா, சொல்லு" என்றார். நான் ராசிக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரிச் சேனலில் எல்லாம் அதே மேடை, அதே நடுவர்கள். சிவப்பு சோபா நீல சோபாவாகியிருந்தது. பழைய சேனலில் மூன்று வருடம் "இதுதான் என் தாய்வீடு" என்று வாரம் தவறாமல் கண்ணைத் துடைத்த தொகுப்பாளர், இங்கே வந்த முதல் நாளே அதே கைக்குட்டையால், "இதுதான் என் தாய்வீடு" என்று துடைத்தாராம். நான் வந்து சொன்னதும், "ஒரு மனுசனுக்கு எத்தன அம்மாடே?" என்றார் அண்ணாச்சி.

ஆனால் மேரி அக்கா வீட்டில் ஒரு சிக்கல். அடியில் எழுத்து ஓடுகிறது, வாசிக்க ஆளில்லை. மூன்றாவது ஞாயிறு ஸ்டெல்லா துணிந்து எழுத்துக் கூட்டினாள்.

"ம... மரு... மருமகளுக்கு... வலை... காப்பி!"

"அது என்னட்டி காப்பி?"

"மாலூம் நஹி, தெரியல. புதுசா இருக்கும்."

திரையில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை மட்டும் ஆட்டினாள். சுற்றி நின்றவர்கள் வளையல் போட்டார்கள். காப்பி வரவேயில்லை. அவள் ஏன் எழுந்து குதிக்கவில்லை என்று வீட்டில் பெரிய தகராறு. சோம்பேறி என்றார்கள், கால் ஊனம் என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருந்தால் அந்த வேலை எனக்கு வந்திருக்கும். அது என் வேலை இல்லை.

அப்போது எதிர்வாசலிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"வளைகாப்புடீ! வளை-காப்பு! புள்ளத்தாச்சி எப்படிட்டி குதிப்பா?"

அண்ணாச்சி தன் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து மேரி அக்காவின் ஜன்னல் வழியாக டிவி முழுசாகத் தெரிந்தது. போன ஞாயிறும் அங்கேதான் நின்றிருக்கிறார் போல.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்று மேரி அக்கா கூப்பிட்டாள்.

"நான் எதுக்கு வாரேன்? அந்தச் சேனல நான் பாக்க மாட்டேன். என் வாசல்ல நான் நிக்கேன். கண்ணு அங்க போனா அதுக்கு நான் என்ன செய்ய?"

ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே எழுந்து ஜன்னலை அகலத் திறந்தாள். விளம்பரம் வந்ததும் சத்தத்தை அவளே அடைத்தாள். "அண்ணாச்சி, என்ன போட்டிருக்கு?"

அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! மூன்று முறை செருமிவிட்டு ஆரம்பித்தார். அன்றிலிருந்து நிகழ்ச்சி எதிரிச் சேனலில், டிவி மேரி அக்கா வீட்டில், குரல் மட்டும் சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து. நடுவில் யாராவது நடந்துபோனால், "ஏல, எளுத்த மறைக்காதல" என்று ஒரு அதட்டல் கேட்கும்.

போன வருடம் கல்யாணமாகி நான் மான்குர்துக்கு வீடு மாறினேன். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறும் மேரி அக்கா வீட்டில்தான் இருந்தேன். விளம்பரம் வந்தது, ஸ்டெல்லா சத்தத்தை அடைத்தாள், அண்ணாச்சி வாசலிலிருந்து வாசித்தார்.

"மான்குர்துக்குக் குடிபோற தாராவித் தம்பிக்கு வாழ்த்துகள். தம்பி ஞாயித்துக்கெளம ஏழு மணிக்கு மறக்காம வரணும்னு நேயர்கள் கேட்டுக்கிடுதாவ."

எல்லோரும் கை தட்டினார்கள். வாசிக்கத் தெரிந்தவன் நான். அடியில் என்ன ஓடுகிறது என்று அன்றைக்கு மட்டும் பார்க்கவேயில்லை.