கோடு சாரின் பொற்காலம்

கோடு தன்னை இப்படிக் கவிழ்த்துவிடும் என்று கோடு சார் கனவிலும் நினைக்கவில்லை. இத்தனைக்கும் அவர் பகலில் பாதி நேரம் கனவில்தான் இருப்பார்.

பங்குச் சந்தையை மேற்பார்வையிடும் அலுவலகத்தில் அவர் தற்காலிக ஆய்வாளர். நாட்டின் சந்தை எவ்வளவு திறமையாக நடக்கிறது என்று மாதாமாதம் அளந்து வரைபடத்தில் கோடாக இழுப்பது வேலை. நேற்றைய விலையை வைத்து நாளைய விலையை யாராலும் ஊகிக்க முடியாவிட்டால் சந்தை திறமையானது, கோடு ஏறும். ஊகிக்க முடிந்தால், யாரோ முன்கூட்டியே சேதி தெரிந்து கல்லா கட்டுகிறார்கள் என்று அர்த்தம், கோடு இறங்கும்.

கோடு பல வருடங்களாகத் தள்ளாடி ஏறி, ஒரு மூன்று வருடம் உச்சியில் மேசை மாதிரி சமமாக நின்று, கடைசியில் தொபுக்கென்று விழுந்திருந்தது.

"இந்தச் சரிவு எப்பலேர்ந்து?" என்று இயக்குநர் அம்மா கேட்டார்.

"நாலஞ்சு மாசமா மேடம்."

"நான் இந்த நாற்காலியில உக்காந்து எத்தனை மாசம்?"

கோடு சார் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை அவசரமில்லாமல் பெய்துகொண்டிருந்தது.

"அறிக்கை நல்லா வந்தா உங்களை நிரந்தரமாக்கற உத்தரவுல கையெழுத்துப் போடலாம்னு இருந்தேன்," என்று இயக்குநர் கோப்பை மூடினார்.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது. மனைவி வேறு ஊரில் ஆசிரியை, மகளும் அங்கேதான். இவர் வேலை நிரந்தரமானால்தான் அவர்கள் இங்கே வர முடியும். மகளின் குரலைப் போனில் மட்டும் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது. கோட்டின் உச்சிச் சமவெளியைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே ஒரு சின்ன வீடு கட்டுவார். மாடியில் துணி காயும். மகள் கோட்டின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பாள். சரிவு வந்த பிறகு அந்த வீட்டில் விரிசல் விட்டிருந்தது.

சரி, கொஞ்சம் பூசி மெழுகலாம் என்று பல மாதங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தார். சரிவு மறையவில்லை; நீளமாகி, அதற்கு முன்பிருந்த நல்ல மாதங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. குறைந்த நாட்களை வைத்துப் போட்டார். கோடு வெள்ளாட்டுக் குட்டிபோல் துள்ளியது.

"என்னங்க, கையெழுத்தாயிடுச்சா?" என்று மனைவி போனில் கேட்டார்.

"கிட்டத்தட்ட."

"இந்தக் கிட்டத்தட்டவை நான் எத்தனை வருஷமா கேட்டுட்டிருக்கேன்?"

மனிதர் போனை வைத்தார். வீம்போடு வேறொரு சோதனையைப் போட்டார். அதில் சரிவு அப்படியே நின்றது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: உச்சியிலிருந்த அந்த மூன்று வருடத் திறமை, அவர் படித்த வரையில், வேறெந்த நாட்டுச் சந்தைக்கும் வாய்த்ததில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போய்ச் சொல்லிவிட்டார்.

"உலகத்துலயே நாமதான் முதல்னு சொல்றீங்களா?" இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதைச் சும்மா விடக்கூடாது. வெளிநாட்டு நிபுணர்களைக் கூப்பிடுவோம். அந்தப் பொற்காலம் எப்படி வந்துச்சுன்னு நீங்க விளக்குங்க. சரிவுக்கும் காரணத்தைக் கண்டுபிடிங்க. அது நானா இருக்கக் கூடாது."

கோடு சார் காரணம் தேடி அலைந்தார். வட்டி விகிதம், வரி, தேர்தல், மழையளவு, எதுவும் அந்த மூன்று வருடத்தோடு ஒட்டவில்லை. ஒட்டியது ஒன்றே ஒன்று. தினமும் மாலையில் சந்தைக்குப் போன் செய்து, விலைகளைக் கேட்டு, ஆய்வுக் கணினியில் ஏற்றும் எழுத்தர் அம்மா ஒருவர் இருந்தார். அவர் வந்து கொஞ்ச நாளில் பொற்காலம் பிறந்தது. அவரை வாகனப் பிரிவுக்கு மாற்றி, சந்தையிலிருந்து விலைகள் நேராக வந்து விழும் இயந்திரத்தை வைத்த மாதமே கோடு விழுந்தது.

கருத்தரங்கு தொடங்கும் நேரம். கோடு சார் இரண்டிரண்டு படியாகத் தாவி மேடைக்குப் போய் இயக்குநரின் காதில் கிசுகிசுத்தார்.

"சந்தை கெடலை மேடம். மிஷின்தான் விலைகளைத் தப்பா வாங்குது. அந்தம்மா கை பட்ட வரைக்கும் ஒரு குறையும் இல்லை."

"அப்ப என் மேல தப்பில்லை?"

"துளியும் இல்லை மேடம்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. கைப்பையிலிருந்து உத்தரவை எடுத்து மேசையில் விரித்தார். பேனாவைத் திறந்தார். கோடு சாரின் சமவெளியில் வீடு மறுபடி எழும்பியது; இந்தத் தடவை சமையலறையில் விளக்குகூட எரிந்தது. மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்பது வரை அவர் போய்விட்டார்.

"முதல்ல அந்தம்மாவைக் கூப்பிடுங்க," என்றார் இயக்குநர். "எல்லாருக்கும் முன்னால ஒரு நன்றி சொல்லிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

வாகனப் பிரிவிலிருந்து எழுத்தர் அம்மா வந்தார். இத்தனை பேர் தன்னையே பார்ப்பதில் கூச்சப்பட்டு, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அம்மா, அந்த மிஷினைத் தூக்கிடப் போறோம்," என்றார் இயக்குநர். "நாளையிலேர்ந்து விலையெல்லாம் பழையபடி நீங்களே ஏத்தணும். முடியுமா?"

அரங்கம் கைதட்டியது. தட்டி முடியும்வரை எழுத்தர் அம்மா பொறுமையாகக் காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"அதுக்கென்னங்க மேடம், பேஷா செய்யறேன். அந்த ரூம்ல போன் செத்துப்போனதுலேர்ந்து காசைச் சுண்டிப் பாத்து, பூ விழுந்தா விலையை ஏத்திப் போட்டேன், தலை விழுந்தா இறக்கிப் போட்டேன், அவ்வளவுதானே."