பன்னிரண்டாம் இலக்க வேட்பாளர்

ஆசை யாரை விட்டது? என் முகத்தை ஊரே பார்க்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நானும் ஆசைப்பட்டேன். (நானே கண்ணாடியில் இரண்டாந்தரம் பார்க்காத முகம்.)

ஓர்ஸ் ஹில்லில் எனக்கொரு சின்னப் பேக்கரி இருக்கிறது. எதிரே குளிரூட்டிய பெரிய பேக்கரி ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் என் நித்திரை போய்விட்டது. சனம் அங்கே போனாலும் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். பாண் சுடும் ஜெகன் அண்ணையும், முன்னால் நின்று விற்கும் கிண்ணியா ரமீசாவும் போய்விட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அந்தப் பயத்தில் ஒரு வியாபாரப் பயிற்சிக்குப் போனேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி, "உங்கட முகம்தான் பிராண்ட். வேலை செய்யிறவையும் வாங்கிறவையும் கடைக்கில்லை, உங்களுக்கு விசுவாசமா இருக்கவேணும்" என்றார். எனக்குப் புல்லரித்தது.

அடுத்த கிழமையே கடை வாசலில் பெரிய பனர் கட்டினேன். அதில் நான் கைகூப்பிச் சிரிக்கிறேன். கீழே "என்றும் உங்கள் சேவையில் கலா". பக்கத்தில் எங்கள் அடையாளமாக, மீன்கறி வைத்துச் சுடும் ஒரு மாலு பணிஸ். கடை தொடங்கிப் பன்னிரண்டு வருடம் என்பதால் பெரிய வட்டத்துக்குள் 12. "வருடம் எண்டு போட இடம் காணாது" என்றார் அச்சகக்காரர். "பரவாயில்லை, சனத்துக்கு விளங்கும்" என்றேன்.

சனத்துக்கு நன்றாகவே விளங்கியது. அது பாராளுமன்றத் தேர்தல் காலம். கைகூப்பிய படமும் வட்டத்துக்குள் இலக்கமும் கண்டால் எங்கள் ஊரில் அது வாக்குச் சீட்டில் புள்ளடி போடவேண்டிய வேட்பாளரின் விருப்பு இலக்கம்தான். சந்திக்குச் சந்தி அப்படிப் படங்கள் தொங்கின. என் கண்ணுக்கு என்னைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை.

மறுநாள் காலை சாம்பல்தீவிலிருந்து ஓர் ஐயா வந்தார்.

"பிள்ளை, மழை பேஞ்சா எங்கட ரோட்டால நடக்க ஏலாது. நீங்கதான் பாக்கவேணும்."

பாவம், பாண் வாங்க வரும் கஷ்டத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "கட்டாயம் பாக்கிறன் ஐயா" என்று கொப்பியிலும் எழுதிக்கொண்டேன். (வாடிக்கையாளர் சொல்வதைக் குறித்துவைக்கச் சொல்லியிருந்தாரே அந்தத் தம்பி!) பிறகு வந்தவர்கள் தெருவிளக்குக் கேட்டார்கள், கிணறு கேட்டார்கள், மகனுக்கு உத்தியோகம் கேட்டார்கள். மூன்று நாளில் கொப்பி அரைவாசி முடிந்துவிட்டது. பிராண்ட் வேலை செய்கிறது என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

நான்காம் நாள் தேர்தல் கந்தோரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.

"அம்மா, உங்கட பேர் பட்டியலில இல்லையே. எந்தக் கட்சி?"

"கட்சியோ? இது பேக்கரி, சேர்."

அவர் பனரை அண்ணாந்து பார்த்தார். "அப்ப அது சின்னம் இல்லையோ?"

"அது மாலு பணிஸ்."

எதுவானாலும் பனரைக் கழற்றச் சொன்னார் அவர். அதற்குள் சனம் கூடிவிட்டது. ரமீசா பனருக்குக் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "எங்கட அக்காவின்ர பனரில கைவைக்க ஏலாது! கிண்ணியாவில வீடு வீடாப் போய் அவவுக்கு வோட்டுக் கேட்டனான்!"

"எப்ப போனனீ?" என்றேன்.

"வேலை முடிஞ்சு. ஜெகன் அண்ணையும் தன்ர ஒழுங்கையில வோட்டுக் கேட்டவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீங்க தேர்தல்ல நிக்கிறதை எங்களுக்குச் சொன்னனீங்களோ?"

கதிரையில் ஏறி நின்று, நான் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை என்று ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டத்துக்குள்ளிருந்து சாம்பல்தீவு ஐயாவின் குரல் கேட்டது: "அப்ப எங்கட ரோட்டு?" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

பனரைக் கழற்றிச் சுருட்டும்போது ஜெகன் அண்ணை மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, முன்னுக்கு வாற பேக்கரிக்காரர் எங்கள் ரெண்டு பேரையும் போன மாசமே வேலைக்குக் கூப்பிட்டவை. ஏலாது எண்டிட்டம்."

போன மாதம் என்றால், பனருக்கும் முதல். என் முகத்தைப் பெரிதாக அச்சடிக்கும் யோசனையே அப்போது எனக்கு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. அந்தப் பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தேர்தல் முடிந்து, வாக்கெண்ணப் போன என் மச்சாள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். நிராகரித்த சீட்டுகளில் மூன்றில் யாரோ பணிஸ் ஒன்று கீறி, பக்கத்தில் 12 என்று எழுதிப் புள்ளடி போட்டிருந்தார்களாம்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் தேத்தண்ணியோடு இதையும் பரிமாறுவார்: "கட்டுப்பணம் கட்டாமலே வோட்டு எடுத்த ஒரே வேட்பாளர் என்ர மனுசிதான். ரெண்டு வோட்டு!"

நான் கோபித்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் குசினிக்குள் இருந்தாலும் வெளியே வந்து, "மூண்டு" என்று திருத்தாமல் விடுவதில்லை.