இடது ஷூ மட்டும் ஆட்டோவில்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆம்பூரில் பிறந்து வளர்ந்த நான் இருபத்தைந்து வயது வரை வேலூர்க் கோட்டைக்குள் காலடி வைத்ததில்லை. எங்கள் வீட்டில் வேலூர் என்றால் ஆஸ்பத்திரி. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் போவோம். சரியானதும் பஸ் ஏறி வந்துவிடுவோம். வழியில் ஜன்னல் வழியாகக் கோட்டை மதிலைப் பார்த்து, அது இன்னும் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்வதோடு சரி. அப்படிப்பட்ட என்னை ஒரு வெளிநாட்டுக்காரருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் கைடாக அனுப்பினார்கள். அனுப்பியவர்களைச் சொல்ல வேண்டும். (தலையை ஆட்டிவிட்டுப் போனவனையும்தான்.)

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது ஷூ வாங்க வருகிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாத முடிவில்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள். அதற்குள் அம்மி (எங்கள் வீட்டில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), "எங்க சாதிக் எக்ஸ்போர்ட் மேனேஜர்" என்று தெரு முழுக்கச் சொல்லி, வாணியம்பாடியில் ஒரு பெண்ணையும் பார்த்துவிட்டார். பெண்ணின் அப்பா விவரமானவர். "வேல பர்மனென்ட் ஆவட்டும், அப்புறம் தேதி வைக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் ஸ்டெஃபான் வந்தார். ஐரோப்பாவில் எங்கள் ஷூவை வாங்க இருந்த கம்பெனியின் தரப் பரிசோதகர். ஆறரை அடி உயரம். பேச மாட்டார், சிரிக்க மாட்டார். சட்டைப் பையில் இருக்கும் குட்டி நோட்டில் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பார். எங்கள் புது மாடல் ஷூவை அவரே ஒருநாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடப்பார், ஏறுவார், இறங்குவார். சாயங்காலம் கம்பெனிக்குத் திரும்பி வந்து, அதை வளைத்துப் பார்த்து, ஆர்டர் உண்டா இல்லையா என்று சொல்வார். அவர் கால் அளவுக்குச் செய்து வைத்திருந்தது ஒரே ஒரு ஜோடி.

நடக்க எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, மலைகளுக்கு நடுவில் பழைய ஊர் ஒன்று இருக்கிறதாமே, வேலூர், அதை ஆட்டோவில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஏசி காரைத் துடைத்து நிறுத்தி வைத்திருந்த எங்கள் மேனேஜர் நசீர் பாய்க்கு முகம் தொங்கிப்போயிற்று. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாதிக், இந்த ஆர்டர் ஓகே ஆச்சின்னா உன் வேல கன்ஃபர்ம். ஆவலன்னா நீ என்ன பாக்காத, நானும் உன்ன பாக்கல. ஷூ பத்திரம். ஆள் தொலஞ்சாகூட தேடிக்கலாம், ஷூ தொலஞ்சா நம்ம கத முடிஞ்சிது."

மறுநாள் காலை கம்பெனி கார் எங்களை வேலூரில் இறக்கிவிட்டு, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் முதல் வண்டி ஏழுமலையுடையது. ஐம்பது வயது இருக்கும். ஸ்டெஃபானை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து அவர் ஷூவைப் பார்த்தார். எங்கள் பக்கத்து ஆட்களிடம் இது ஒரு வியாதி. புது ஆளைக் கண்டால் காலைப் பார்த்த பிறகுதான் மூஞ்சியைப் பார்ப்போம்.

"இன்னா தம்பி, நம்ம ஊரு சரக்கா?" என்றார்.

"ஆமாண்ணா. புது மாடல். இதுலதான் என் பொழப்பே இருக்குது" என்றேன். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் பாலமதி மலைக்குக் கிளம்பினோம். ஏழுமலை வண்டி ஓட்டிக்கொண்டே நாலு பக்கமும் கையை நீட்டி, எந்த மலையில் எந்தக் கோட்டை, எந்த ராஜா எந்த வழியாகத் தப்பினான், எவன் எவனைக் காட்டிக்கொடுத்தான் என்று ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் சொன்னார். நேரில் நின்று பார்த்தவர் மாதிரிதான் சொன்னார். ஸ்டெஃபான் ஆவலோடு என் பக்கம் திரும்பினார். நான் இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன்: "ரொம்பப் பழைய ஊர்."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த மலைக்கும் ஏழுமலை ஐந்து நிமிடம் பேசினார். "இதுவும் ரொம்பப் பழையது" என்றேன். (அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை.)

மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் ஆட்டோ மூச்சு வாங்கி நின்றது. ஆறரை அடி ஆளை ஏற்றிக்கொண்டு மேலே போக அதற்குத் தெம்பில்லை. நான் இறங்கித் தள்ளலாம் என்று கால் வைப்பதற்குள் ஸ்டெஃபான் குதித்து இறங்கிவிட்டார். இடது காலைப் பின்னால் ஊன்றி, ஷூவின் முனை மடங்க மடங்க, வண்டியைத் தள்ளினார். லட்சணமாக உட்கார்ந்து பார்க்க வந்த பையர் எங்கள் ஊர் ஆட்டோவை மலைமேல் தள்ளிக்கொண்டிருக்கிறார்! மேலே போனதும் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தூக்கி எதையோ போட்டோ எடுத்தார். இயற்கைக் காட்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து இறங்கிக் கோட்டைக்கு வரும்போது பதினோரு மணி. கோட்டைக்குள் இருக்கும் கோயிலின் சிற்ப மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்றார் ஸ்டெஃபான். வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டும். இங்கேதான் என் மூளை வேலை செய்தது.

எங்கள் ஊரில் கூட்டமான இடத்துக்குப் போனால் செருப்பை ஜோடியாக விட மாட்டோம். ஒன்று இந்த மூலையில், ஒன்று அந்த மூலையில். திருடுகிறவன் ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? சின்ன வயதிலிருந்து பள்ளிவாசலிலும் கல்யாண மண்டபத்திலும் கடைப்பிடித்துவரும் முறை. அதன்படி வலது ஷூவை டோக்கன் கொடுக்கும் இடத்தில் விட்டேன். இடது ஷூவை ஆட்டோவின் பின் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

ஸ்டெஃபான் ஏன் என்று கேட்டார். "ஒற்றை ஷூவை எவனும் எடுக்க மாட்டான் சார்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்கினேன். அன்றைக்கு முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தோம். டோக்கனைக் கொடுத்து வலது ஷூவை வாங்கினேன். திரும்பிப் பார்த்தால், ஆட்டோ நின்ற இடத்தில் ஆட்டோ இல்லை.

ஏழுமலையின் போன் நம்பரை வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று இன்றுவரை வீட்டில் கேட்கிறார்கள். டீ குடிக்கப் போயிருப்பார் என்று ஐந்து நிமிடம் பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். வேலூர் வெயிலில் கல்தரை கொதித்துக்கொண்டிருந்தது. வலது காலில் ஷூவும் இடது காலில் வெறும் சாக்ஸுமாக ஸ்டெஃபான் ஒற்றைக்காலில் குதித்துக் குதித்து மரத்தடிக்குப் போனார். என் செருப்பைக் கழற்றி நீட்டினேன். அதில் அவர் கட்டைவிரல் மட்டும்தான் நுழைந்தது. வந்தவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு அம்மா, ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வேறு வழியில்லாமல் நசீர் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், ஷூ காணோம்."

"இன்னாது?"

"ரெண்டும் காணாம போவல பாய். லெஃப்ட்டு மட்டும்."

"லெஃப்ட்டு மட்டும் எப்டிரா காணாம போவும்?" என்றார். செருப்பைப் பிரித்து வைக்கும் முறையை விளக்க ஆரம்பித்தேன். பாதியில் போனை வைத்துவிட்டார். வாணியம்பாடிப் பெண்ணின் அப்பா முகம் என் கண்முன் வந்து போனது. உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. பையர் முன்னால் அழக்கூடாது என்பதற்காக மட்டுமே அழவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து ஆட்டோ வந்தது. ஏழுமலை சிரித்த முகத்தோடு இறங்கி, என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

"தம்பி, பயந்துட்டியா? மலைல வண்டியத் தள்ளும்போதே கவனிச்சேன். லெஃப்ட்டு ஷூ முனைல, டோ கிட்ட, லேசா வாய் விட்டிருச்சி. நான் பதினெட்டு வருஷம் ஷூ கம்பெனில லாஸ்டிங்ல தோலயும் சோலயும் ஒட்டிக்கினு நின்னவன், என் கண்ணுக்குத் தப்புமா? வெள்ளக்காரன் பாத்தா நம்ம ஊரு மானம் இன்னாவறது? உன் பொழப்பு வேற இதுல இருக்குதுன்னு சொன்ன. அதான் நம்ம தோஸ்த்து கடைக்கு எடுத்துனு போயி, நல்லா தேச்சி, பசை போட்டு, சூடு காட்டி அமுக்கி எடுத்துனு வந்தேன். ரைட்டத் தேடுனேன், வண்டில இல்ல."

நான் ஆடிப்போனேன். ஷூ எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் ஒருவர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நாள் முழுக்க நடக்கிறார். அது பிரிந்த இடத்தை, நல்ல மனசோடு, தடயமே இல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார் இவர். யோக்கியனாக இருந்திருந்தால் அந்த நிமிடமே ஸ்டெஃபானிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "தேங்க்ஸ்ணா" என்றேன். ஷூவைக் கொண்டுபோய்க் கொடுத்து, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார் என்று புளுகினேன். ஸ்டெஃபான் ஷூவையும் என்னையும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு குனிந்து போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கம்பெனி சாம்பிள் ரூமில் நசீர் பாய், லாஸ்டிங் சூப்பர்வைசர், நான் மூவரும் கைகட்டி நின்றோம். ஸ்டெஃபான் முதலில் வலது ஷூவை எடுத்து வளைத்தார். முனையில் மேல்தோலும் சோலும் பிரிந்து ஷூ வாயைத் திறந்தது. நசீர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து இடது ஷூ. வளைத்தார், முறுக்கினார், இழுத்தார். அசையவில்லை.

"ஒரே ஜோடி. ஒன்று பிரிகிறது, ஒன்று பிரியவில்லை. ஏன்?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மலையில் வலது பக்கம்தான் சார் மேடு அதிகம்" என்றேன். (சத்தியமாக இதைத்தான் சொன்னேன்.)

அவர் இடது ஷூவை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். நசீர் பாயிடம் நீட்டினார். அவரும் மோந்தார். தோல் ஊரில் மூக்கை ஏமாற்ற முடியாது. அன்றைக்குப் போட்ட பசையின் வாசனை அறை முழுக்க அடித்தது. பிறகு ஸ்டெஃபான் தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். காலையில் பாலமதி பாறையில் உட்கார்ந்து எடுத்த போட்டோ. இயற்கைக் காட்சி இல்லை. இடது ஷூவின் முனை, லேசாக வாய் விட்ட நிலையில்.

"நீங்களே சொல்வீர்கள் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன்" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அதை வருத்தமாகச் சொன்னார். அவ்வளவு அவமானம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். "யா அல்லாஹ், ஆட்டோக்காரனா?" என்று நசீர் பாய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஆனால் ஸ்டெஃபான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இதை ஒட்டிய ஆளை நான் பார்க்க முடியுமா?"

இந்த முறை என்னிடம் நம்பர் இருந்தது.

மறுநாள் காலை ஏழுமலை ஆட்டோவிலேயே ஆம்பூர் வந்தார். லாஸ்டிங் செக்‌ஷனுக்குள் நுழைந்து, ஒரு ஷூவைக் கையில் எடுத்து, விரலால் தடவிப் பார்த்தவுடன் சொன்னார்: "பசை போடற எடத்த டோ கிட்ட சரியாத் தேய்க்கலீங்க. வழவழன்னு இருக்கற தோல் மேல பசையப் போட்டா எப்டிங்க புடிக்கும்? அவசரத்துல அடிச்சிருக்காங்க." அவர் சொன்னபடி தேய்த்து ஐந்து ஜோடி செய்தார்கள். ஸ்டெஃபான் ஒவ்வொன்றையும் வளைத்து ஓய்ந்துபோனார். ஒன்றுகூடப் பிரியவில்லை. ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏழுமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நசீர் பாய் ஏழுமலையை வேலைக்குக் கூப்பிட்டார். "வேணாங்க, ஒரே எடத்துல நின்னு வேல செய்ய இனிமே முடியாது, மலை ஏறி இறங்கிப் பழகிடிச்சி" என்று கிளம்பிவிட்டார். எனக்கு மட்டும் வேலை உறுதியாகவில்லை. மூன்று மாதம் தள்ளிப் போட்டார்கள். "ஷூவுக்காக இல்லப்பா. சொல்லாம மறச்சியே, அதுக்கு" என்றார் நசீர் பாய். கல்யாணமும் மூன்று மாதம் தள்ளிப் போனது. ஏன் தள்ளிப் போனது என்று பெண் வீட்டாருக்கு விளக்கப் போன அம்மி, முழுக் கதையையும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நிக்காஹ் அன்று துல்ஹாவின், அதாவது மாப்பிள்ளையின், ஷூவை மச்சினிகள் ஒளித்து வைத்து வம்பு பண்ணுவது எங்கள் பக்கம் வழக்கம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். வலது ஷூ வைத்த இடத்தில் இருந்தது. இடதைக் காணோம்.

"பயப்படாதீங்க துல்ஹா பாய்," என்றாள் பெரிய மச்சினி. "ஒத்த ஷூவ எவனும் எடுக்க மாட்டான்."

மண்டபமே சிரித்தது. அரை மணி நேரம் ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு, நான் கல்யாணத்துக்கு அழைத்திருந்த ஏழுமலை வெள்ளை வேட்டி சட்டையில் என் இடது ஷூவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடை ஏறினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தம்பி, டோ கிட்ட லேசா..." என்று ஆரம்பித்தார்.

வாங்கி மோந்து பார்த்தேன். புதுப் பசை! எழுந்து நின்று, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்: "இந்த ஷூ இன்னிக்கி ஒட்டுனது! நானே சொல்லிடறேன்!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நசீர் பாய் அதைவிடச் சத்தமாகச் சொன்னார்: "இத அன்னிக்கே சொல்லியிருந்தா, மூணு மாசம் முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கும்ல!"