கெப்பாசிட்டர் அண்ணன்

ஓசூர் தொழிற்பேட்டையில் நேரத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் உண்டு, தாமதமாக வந்து திட்டு வாங்கியவர்கள் அதைவிட உண்டு. நாளைய ஷிஃப்டுக்கு இன்றைக்கே வந்து நின்ற ஒரே மனிதர் எங்கள் கெப்பாசிட்டர் அண்ணன்தான். லீவு நாளில் வந்துவிட்டு, உள்ளே விடச் சொல்லி கேட்டில் செக்யூரிட்டியோடு வாதாடியவர் அவர்.

கம்பெனியில் அவருக்கு எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் வேலை. சொந்த ஊர் கிருஷ்ணகிரி தாண்டி சாமல்பட்டி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நானும் அவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே அறையில் குடியிருந்தோம். மதியச் சாப்பாட்டைக் காலை டீ நேரத்திலேயே முடித்துவிட்டு, மதியம் என் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் கணக்கில் மனிதர்கள் மூன்றே ரகம்.

"ஏசி சப்ளைல வோல்டேஜு முன்னயும் பின்னயும் மாறி மாறித் தள்ளிக்கினே இருக்கும். அதுக்கு ஓடறதுதான் கரண்டு. தள்ளுன உடனே கூடவே ஓடறவன் ரெசிஸ்டர். தள்ளி நாழியாயி, போனாப் போவுதுன்னு ஓடறவன் காயிலு. தள்றதுக்கு முன்னாடியே ஓடிக்கினு இருக்கறவன் கெப்பாசிட்டர். நானு."

நான் எந்த ரகம் என்று அவர் சொல்லவே வேண்டாம். அலாரம் அடித்து ஓய்ந்த பிறகு எழுந்திருப்பேன். மழை விட்ட பிறகு குடை விரிப்பேன். "சுத்தமான காயிலுடா நீ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னை அறிமுகப்படுத்துவார்.

எங்கள் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த சரோஜாவை எனக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் என்னை. ஜூஜுவாடியில் தெலுங்கு பேசும் வீடு. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் வந்து அப்பாவிடம் பேசாவிட்டால் தன்னை மறந்துவிடச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை போகலாமா என்று யோசித்த ஆள் நான்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "மோட்டாரு பூரா காயிலுதான். கரண்டு பிந்தித்தான் வரும். அதுக்குன்னு மோட்டாரத் தூக்கியா போட்டுட்டோம்? பக்கத்துல கெப்பாசிட்டர் வெக்கறோம் இல்ல? இது பிந்தறதும் அது முந்தறதும் சேந்து சரியாப் பூடும். கெளம்புடா" என்றார்.

அன்றைக்கே போனோம். தெருவில் நுழைந்ததும் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த பெரியவரைக் கும்பிட்டார் அண்ணன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தெலுங்கில் பெண் கேட்டார், புரியாமல் போய்விடுமோ என்று கன்னடத்திலும் கேட்டுவைத்தார். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. சரோஜா வீடு அடுத்த வீடு என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தம் மகள் ஜாதகத்தை எடுக்க உள்ளே போயிருந்தார்.

சொல்லாமல் தப்பித்து ஓடிவிடலாம் என்றேன். அண்ணன் ஓடவில்லை. ஜாதகத்தோடு வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு தப்பைச் சொன்னார், என் நிலைமையையும் சொன்னார். அந்த நல்ல மனிதர் சிரித்துவிட்டார். தாமே எங்களை அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போய், நெடுநாள் தெரிந்தவர்போல எனக்காகப் பேசினார். சரோஜாவின் அப்பா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவது இதில் யார் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்கு மட்டும் நான் உடனே கையைத் தூக்கினேன்.

இப்போது என் மகள் ப்ளஸ் டூ. மாறுதிசை மின்னோட்டப் பாடத்தில் காயிலுக்கான படத்தில் வோல்டேஜ் அலைக்குக் கால் சுற்றுப் பின்தங்கி கரண்ட் அலையை வரைகிறாள். "உங்கப்பாவப் பாத்து வரைடி, கரெக்டா வரும்" என்கிறாள் சரோஜா.

அண்ணன் ரிட்டயராகி சாமல்பட்டிக்குப் போய்விட்டார். ஒவ்வொரு வருஷமும் எங்கள் கல்யாண நாளுக்கு முந்தின நாளே வாழ்த்துச் சொல்லி போன் வரும். அதனால் எங்கள் வீட்டில் பாயசமும் முந்தின நாளேதான். இந்த வருஷம் பாயசம் ஆறிப்போனது, போன் வரவில்லை. கல்யாண நாளன்று காலையில்தான் வந்தது.

"முட்டி ரொம்ப வலிடா. நேத்து எழுந்துக்கவே முடியல. பாத்தியா, கடைசில நானும் ரெசிஸ்டர் ஆயிட்டேன்."

எப்போதும் முந்திக்கொண்டு வரும் அந்தக் குரல் தளர்ந்து கேட்டது எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகப் பார்க்க வருகிறேன் என்றேன். எந்த மாசத்து ஞாயிறு என்று கேட்டுச் சிரித்தார்.

போனை வைத்த கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்கு வியாழக்கிழமை.