கடைசிக் கதவு முத்தரசு

“தண்ணி முழங்காலுக்கு வந்திருச்சு மாப்ள!” என்று சேவுகப்பெருமாள் சிரித்தபோது, கம்ப்யூட்டரைத் தூக்கி மச்சான் தலையிலேயே போடலாமா என்றிருந்தது முத்தரசுவுக்கு.

காலேஜ் நாளில் செக்காலை ரோட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் இருவரும் ஆடிய புதிர் விளையாட்டு அது. பாழடைந்த மாளிகை, வழியெல்லாம் பூட்டிய கதவுகள். கடைசிக் கதவில் முத்தரசு மாட்டிக்கொண்டார். தான் முடித்துவிட்டதாகச் சொன்ன சேவுகப்பெருமாள், அன்றைக்கே அவருக்குக் ‘கடைசிக் கதவு’ என்று பேர் வைத்தார். பிற்பாடு தங்கச்சி தேவிகாவை அவருக்கே கட்டியும் கொடுத்தார். பேரை மட்டும் விடவில்லை.

இப்போது அதே விளையாட்டு, பளபளவென்று புதுப்பித்து வந்திருக்கிறது. நாளைக்கு மகள் கீர்த்திக்கு நிச்சயதார்த்தம்.

“இன்னைக்கு முடிச்சுட்டீகன்னா அந்தப் பேரை மறந்துர்றேன். இல்லையா, நாளைக்குத் தாய்மாமன் நான்தான் மைக்கைப் பிடிப்பேன். சம்பந்தி வீட்டு ஆளுக முன்னால அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்.”

திரையில் சின்ன அறை. நடுவில் எரிகிற விளக்கு, ஓரத்தில் ஒரு பூஜாடியும் ஒரு சிலையும், எதிரே கதவு. சுவரில் தொங்கிய சங்கிலியை இழுத்துப் பார்த்ததில்தான் தண்ணீர் புகுந்திருந்தது.

“சிலையைத் திருப்புங்க” என்றார் மச்சான். திருப்பினார். வந்த வழியும் மூடிக்கொண்டது.

“விளக்குக்கு எண்ணெய் ஊத்துங்க.”

ஊற்றினார். வெளிச்சம் கூடியதும் உத்தரத்தில் தூங்கிய வௌவாலெல்லாம் முழித்துக்கொண்டு முகத்தில் மோதின.

“முடிச்ச ஆளு சொல்ற யோசனையா மச்சான் இது?”

“உங்களைச் சோதிச்சுப் பாத்தேன் மாப்ள.”

தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. முத்தரசு விளக்கை ஊதப் போனார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தேவிகா அலறினாள்.

“என்னங்க, விளக்கு வச்ச நேரத்துல வாயால ஊதி அணைப்பாகளா?”

“இது கம்ப்யூட்டருடி!”

“எதுல எரிஞ்சா என்ன? விடிஞ்சா வீட்டுல நல்ல காரியம்!”

அதற்குள் ஊதிவிட்டார். சுடர் சீறிக்கொண்டு கூரையைத் தொட்டது. கதவில் இன்னொரு பூட்டு வந்து விழுந்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது.

“சொன்னாக் கேக்குறீகளா?” என்றாள் தேவிகா. “பூவை வச்சுக் குளிர வைங்க. அந்தா ஜாடியில இருக்குல்ல!”

முத்தரசு ஒரு பூவை எடுத்தார். வீட்டுச் சாமி விளக்குக்குச் செய்வதுபோலவே திரியின் மேல் பதமாக அமுக்கினார். அறை இருண்டது. வௌவால்கள் அடங்கின. தண்ணீர் மடமடவென்று வடிந்தது. பூட்டுகள் கழன்று விழ, கடைசிக் கதவு ஆவென்று திறந்தது.

முத்தரசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். தேவிகா குலவை போட்டாள். அந்தச் சத்தத்துக்கு, சேவுகப்பெருமாளின் பெண்டாட்டி மீனு காப்பித் தம்ளரோடு ஓடிவந்தாள்.

“அண்ணே, அந்தக் கதவுக்கு அங்குட்டு என்னதான் இருக்குன்னு எனக்கும் காட்டுங்க. புதுசு வந்த அன்னைக்கே இவுகளும் வாங்கிட்டாக. இன்னும் அந்த விளக்குக்கு எண்ணெய்தான் ஊத்திக்கிட்டு இருக்காக!”