கருணாகரனின் சிவப்புக் கார்

"2603, ஆகஸ்ட் 12, வியாழன். ஜப்பானிய மொழி மாலை வகுப்பில் எழுதிய கட்டுரையில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன் போலிருக்கிறது. 'ஜிதென்ஷா' என்றால் சைக்கிள். 'ஜிதோஷா' என்றால் கார். நான் காரை எழுதிவிட்டேன்."

மலாய் மண்ணில் ஜப்பானியர் ஆட்சி வந்ததிலிருந்து 1943ஐ அவர்கள் கணக்கில் 2603 என்றுதான் எழுத வேண்டும். கருணாகரன் ஒருமுறை படித்துப் பார்த்து, 'போலிருக்கிறது' என்பதை அடித்தான். தவறு என்று ஒன்று நடந்தால் அது தன்னுடையதாகத்தான் இருக்கும் என்பதில் அவனுக்கு எப்போதும் சந்தேகமில்லை.

மேசையில் போக்குவரத்து அலுவலகத்தின் கடிதம் கிடந்தது: "உம்மிடமுள்ள சிவப்பு நிற, இரண்டு பேர் அமரும் காரை உடனே ஒப்படைக்கவும்."

வகுப்புக் கட்டுரைகள் ஜப்பானிய அதிகாரிகளின் பார்வைக்கும் போகும். இந்தக் கட்டுரையின் தலைப்பு, 'தினமும் நான் போகும் வழி'. காஜா பெராங் வீட்டிலிருந்து புக்கிட் கட்டில் ஊர் அரிசிக் கிடங்குக்கு வேலைக்குத் தினமும் சைக்கிள். அதே பள்ளம், அதே காவல்சாவடி, அதே கும்பிடு. எழுத என்ன இருக்கிறது? சக்கரத்தில் டயருக்குப் பதில் செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய். குழாயைக் கட்டிய முடிச்சு தரையில் படும்போதெல்லாம் 'தொப்' என்று ஒரு குதி.

நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் சண்டைக்கு முந்தைய பத்திரிகை விளம்பரம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தான். வளைவான சாலையில் ஒரு கார். கீழே: "தினமும் அதே சாலை, அதே வேகம்! இதில் ஏறுங்கள், அலுவலகம் போவதும் உல்லாசப் பயணமாகும்." அந்தக் காலத்தில் ஞாயிறு மாலைகளில் கார்க்கடைக் கண்ணாடி முன் நின்று அதைப் பார்த்திருக்கிறான். உள்ளே போனதில்லை. கதவு திறக்கும்போது வரும் புது ரப்பர் வாசனையும் தெருவின் பெட்ரோல் வாசனையும் இன்னும் மூக்கில் இருந்தன. இப்போது லாரிகூடக் கரியில்தான் ஓடுகிறது.

அந்த வரிகளை எடுத்துச் சைக்கிளுக்குப் போட்டுவிட்டான். சிவப்பும் பொய்யில்லை, துரு சிவப்புதானே. சீட்டும் கேரியருமாக இரண்டு பேர் அமரலாம்.

வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த நாகூர் மீரானிடம் கடிதத்தைக் காட்டினான்.

"பெரிய சூசாவா, தொல்லையா போச்சே தம்பி! கார் இல்லேன்னு சொன்னா, ஒளிச்சு வச்சிருக்கேன்னு அடிப்பானுங்க. பெட்ரோல் இல்லே, அதான் கொண்டுவர முடியலேன்னு எழுதிப் போடு."

"அது பொய்யாச்சே, நானா?" மீரானை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அழைப்பான்.

"உன்கிட்ட பெட்ரோல் இருக்கா?"

"இல்லே."

"அப்புறம் எங்கே பொய்?"

எழுதிப் போட்டான். மறுநாளே நான்கு கேலன் பெட்ரோலுக்குச் சீட்டு வந்தது.

"இஞ்சின் ஓடலேன்னு சொல்லு. இல்லாத இஞ்சின் எப்படி ஓடும்? இதுவும் உண்மைதான்" என்றார் மீரான்.

திங்கட்கிழமை வாசலில் லாரி நின்றது. கருவிப்பெட்டியோடு மெக்கானிக் பொன்னுதுரை இறங்கினார். பின்னால் இடுப்பில் வாள் தொங்கும் ஜப்பானிய அதிகாரி. அவருக்கு மொழிபெயர்க்க, மாலை வகுப்பு வாத்தியார் மாணிக்கவாசகம். மீரான் திடீரென்று வெங்காயத்தை எண்ண ஆரம்பித்தார்.

"வண்டி எங்கேப்பா?" என்றார் பொன்னுதுரை.

கருணாகரன் பின்கட்டுக்குப் போய்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தொப். தொப். தொப்.

"இதுதான் சார். கார்னு எழுதினது என் தப்பு." விளம்பரம் ஒட்டிய நாட்குறிப்பையும் நீட்டினான். கன்னத்தில் அறை விழுமென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வாத்தியார் வார்த்தைகளைத் தேடித் தேடி மொழிபெயர்த்தார். அதிகாரி கையோடு கொண்டுவந்த கட்டுரையைப் பார்த்தார். ரப்பர் குழாயைப் பார்த்தார். முடிச்சை விரலால் அழுத்தினார். பிறகு வாளைப் பொன்னுதுரையிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்பினார். ஒவ்வொரு 'தொப்'புக்கும் தொப்பி எகிறியது. இறங்கும்போது சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

"சைக்கிளை நீயே வச்சுக்கலாமாம்," என்றார் வாத்தியார். "பெட்ரோல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துடு. தப்புக்குத் தண்டனையா 'ஜிதென்ஷா'ன்னு நூறு தரம் எழுதி நாளைக்குக் கொண்டுவரணுமாம்."

அதிகாரி லாரியில் ஏறினார். வாத்தியார் மட்டும் தயங்கி நின்றார்.

"கருணா, நீ ஜிதென்ஷான்னு சரியாத்தான் எழுதியிருந்தே. ஒரு வருஷத்துக்கு மேலா நடந்தே வகுப்புக்கு வர்றவன் நான். அதைப் படிச்சதும் எனக்கே ஏறி உட்காரணும்போல இருந்துச்சு. சைக்கிளை எவன் இப்படி எழுதுவான்னு நான்தான் காரா திருத்திட்டேன்."

அன்றைய குறிப்பில் கருணாகரன் ஒரு வார்த்தையையும் அடிக்கவில்லை.

"நாளைய வேலை: 'ஜிதென்ஷா', நூறு தரம். ஐம்பது நான். ஐம்பது வாத்தியார்."