ஆணிக்கடைக்கு வரவேண்டிய கல்

அன்பும் மரியாதையும் ஒரு காலத்தில் நிறைந்திருந்த என் அக்கா மகனுக்கு, உன் தாய்மாமன், ஆணிக்கடை உரிமையாளர், கடைவீதி வியாபாரிகள் சங்கத்தின் முன்னாள் துணைத்தலைவர் (ஒன்பது நாள்) எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அத்தையும் சுகமாக இல்லை. அவ்விடம் நீ சுகமா என்று இந்தக் கடிதத்தில் விசாரிப்பதாகவும் இல்லை. பெரியவர்கள் வகுத்த முறைப்படி கடிதத்தின் தலையில் ஏதாவது எழுதவேண்டுமே என்பதற்காக இவ்வளவும் எழுதினேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், எழுந்து நின்று படி.

ரயில் வந்து நூறு வருஷம் ஆனதற்காக நீ எழுதியிருக்கிற சரித்திரப் புத்தகத்தின் அச்சுப்படி போன வாரம் செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. நம் மாவட்டத்து ஆரம்பகாலக் கடைகள், தேவாலயங்கள், ரயில் பாதை என்று அட்டையே கம்பீரமாக இருந்தது. கடைவீதி முழுக்கக் கூப்பிட்டு, தையல்காரர், கடிகாரக்காரர், எதிரே மெழுகுவர்த்திக் கடை வைத்திருக்கிறானே அந்த மெழுகு உட்பட எல்லோரையும் நிற்க வைத்து, "என் அக்கா மகன் எழுதினது, இப்ப நம்ம கடையைப் பத்தி வரும், கேளுங்க" என்று சொல்லி, பதினேழாம் பக்கத்தை உரக்கப் படித்தேன். உரக்கப் படித்தேன் மாப்பிள்ளே! "மாவட்டத்தின் முதல் கடை மெழுகுவர்த்திக் கடையாகும். பின்னர் அதன் எதிரே ஓர் ஆணிக்கடையும் தோன்றியது." தோன்றியதா? காளான் தோன்றும், கொப்புளம் தோன்றும். என் தாத்தா, உனக்குக் கொள்ளுத்தாத்தா, வியர்வை சிந்தித் திறந்த கடை தோன்றியதா? அந்த "பின்னர்" இருக்கிறதே, அதையும் உரக்கத்தான் படித்தேன். தையல்காரர் கைதட்டிவிட்டார், பாவம், பழக்கதோஷம். மெழுகு மட்டும் ரொம்ப அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மூன்று பக்கம், ஒரு படம், படத்துக்குக் கீழே அவர்கள் வளர்த்த நாயைப் பற்றி ஒரு வரி. நமக்கு ஒன்றரை வரி. நாயைவிட அரை வரிதான் அதிகம்.

சரி, ஏதோ எழுத்துப் பிழை என்று விட்டுவிடலாம் என்றால், விழாக் குழுவினர் "முதல் கடை" என்று ஒரு கல் செதுக்கி அந்தக் கடைச் சுவரில் பதிக்கப் போகிறார்களே, அந்தக் கல் யார் வீட்டுக்குப் போகும் என்பதை உன் பதினேழாம் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். வருகிற வெள்ளிக்கிழமை காலை கல்தச்சர் உளியை எடுக்கிறார். உன் மேல் எனக்கிருந்த நம்பிக்கையைப் பார், போன மாசமே கல்தச்சரிடம் நீள அகலம் கேட்டு வந்து, நம் கடைச் சுவரில் கல்லுக்கு இடம் வெட்டிவிட்டேன். கொத்தனார் வருகிறேன் வருகிறேன் என்று வராததால் நானே உளி பிடித்தேன். கொஞ்சம் ஆழமாகப் போய், உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அத்தையின் முகம் தெரிந்துவிட்டது. "அண்ணே, புது ஜன்னலா?" என்று மெழுகு எதிரேயிருந்து கேட்டான். "கல்லு வரும், அன்னைக்குத் தெரியும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். இப்போது தினம் காலையில் கடை திறக்கும்போது, "கல்லு வந்துடுச்சா அண்ணே?" என்று கேட்கிறான். அந்த "அண்ணே"வில் எவ்வளவு மரியாதை வைக்கிறான் தெரியுமா? வயிறு எரிகிறது. அந்தச் சுவருக்குக் கல் வராவிட்டால் நான் இந்தத் தெருவில் எந்தப் பக்கம் பார்த்து நடப்பேன்?

நான் படிக்காதவன் என்று நினைக்காதே. நீ ஆறாம் வகுப்பை ஒரே வருஷத்தில் முடித்தவன், நான் மூன்று வருஷம் படித்தவன், எனக்குத்தான் அதில் ஆழம் அதிகம். நாற்பத்தியோராம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? ரயில் பாதை நம் ஊர்ப் பக்கம் வளைந்தது சதுப்பு நிலத்தைத் தவிர்ப்பதற்காகவாம். அந்தச் சதுப்பு நிலத்தை நான் பார்த்திருக்கிறேன், தவளை விழுந்தால் தாகத்தில் செத்துப்போகும். உண்மையைச் சொல்கிறேன், எழுதிக்கொள். அளவெடுக்க வந்த இஞ்சினியர் கூடாரம் அடிக்க ஆணி இல்லாமல் மூன்று நாள் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாத்தா ஒரு மூட்டை ஆணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மைல் நடந்து போய் (அப்பா நாலு மைல் என்பார், அப்பாவுக்கு நடை பிடிக்காது) எதிரில் நின்றார். இஞ்சினியர் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். வரைபடத்தைப் பிரித்து, பென்சிலை எடுத்து, "உங்க கடை எங்க இருக்கு, காட்டுங்க" என்று கேட்டு, கோட்டை அந்த இடத்திலேயே வளைத்துவிட்டார். முதல் ரயில் வந்த அன்று டிரைவர் தாத்தாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார், எஞ்சின்கூட லேசாகத் தலையைக் குனிந்ததாகப் பெரியப்பா சொல்வார். இதற்கு ஆதாரம் எங்கே என்று ஓரத்தில் கேள்விக்குறி போடுவாய். வளைவுதானடா ஆதாரம்! போய்ப் பார், இன்னமும் வளைந்துதான் இருக்கிறது.

அடுத்தது தேவாலயம். முதல் ஆராதனைக்கு மெழுகுவர்த்தி கொடுத்தது மெழுகுவர்த்திக் கடை, அதனால் அதுவே பழைய கடை என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கிறேன், தேவாலயத்துக்கு முதலில் வருவது கூரையா, மெழுகுவர்த்தியா? கூரை இல்லாத இடத்தில் மெழுகுவர்த்தி காற்றில் நிற்குமா? கூரை என்றால் தகரம், தகரம் என்றால் ஆணி, ஆணி என்றால் யார்? கணக்கு தீர்ந்தது. இதைப் பாதிரியாரிடம் நேரில் போய்க் கேட்டேன். நல்ல மனுஷன், டீ கொடுத்தார், ஆனால் பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து முதல் பக்கத்தைக் காட்டினார். முதல் ஆராதனை நடந்ததே மெழுகுவர்த்திக் கடைக்குள்தானாம், தேவாலயம் கட்டியது மூன்று வருஷம் கழித்தாம். "ஃபாதர், உங்க கண்ணாடியைக் கொஞ்சம் மாத்தணும்" என்றேன். "நேத்துதான் மாத்தினேன்" என்றார். சரி, காகிதம் பேசாது, இரும்பு பேசும் என்று முடிவு செய்து, ஏணி போட்டுக் கூரை மேல் ஏறி, தாத்தா காலத்து ஆணி ஒன்றை, ஒன்றே ஒன்றை, ஆதாரத்துக்காகப் பிடுங்கினேன். நூறு வருஷமாக அந்த மூலைத் தகரம் முழுவதும் அந்த ஒரு ஆணியை நம்பித்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. தகரம் சறுக்கிக் கீழே பாட்டு ஒத்திகைக்கு நடுவில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை, உச்சஸ்தாயியில் பாடிய அம்மா இன்னும் கொஞ்சம் உச்சத்துக்குப் போனார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மழை நேராகப் பியானோ மேல் பெய்தது. நம் ஆணியின் அருமை அன்றைக்குத்தான் சபை முழுவதற்கும் புரிந்தது. ஆனால் பாதிரியார் இப்போது என்னைக் கண்டால் முதலில் கூரையைத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் உன் அடிக்குறிப்பு. "ஆணிக்கடைப் பலகையில் உள்ள ஆண்டு பலமுறை திருத்தப்பட்டிருப்பதாகத் தெரிகிறது." யாருடா திருத்தினது? பெயிண்ட் மங்கும்போது புதுப்பிப்பேன், அப்போது ஒரு வருஷம் இரண்டு வருஷம் முன்னே பின்னே நகரும். "முன்னே எங்க நகர்ந்துச்சு, பின்னேதான் போகுது. இன்னொரு தடவை அடிச்சீங்கன்னா கடை திறந்தப்ப உங்க தாத்தா பொறந்தே இருக்க மாட்டாரு" என்கிறாள் உன் அத்தை. அவளையும் நீ பேட்டி எடுத்தாய் என்று கேள்வி.

ஆனால் பலகையைத் தொட்டாயே, அங்கேதான் மாட்டிக்கொண்டாய். ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் அந்தக் காலத்துச் சரக்குப் பதிவேட்டைப் பார்த்தேன். நீயும் பார்த்திருக்கிறாய், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறாய். முதல் சரக்கு ரயிலில் வந்து இறங்கியது: மெழுகு நாற்பது பெட்டி, நீளப் பலகை ஒன்று. மெழுகு அவனுடையது, மறுக்கவில்லை. பலகை? "ரெண்டும் ஒரே வரியில, ஒரே ஆளு பேருக்குத்தானே சார் இருக்கு?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "இடம் பத்தாம சேர்த்து எழுதியிருப்பாங்க சார்" என்றேன். பத்தடி நீளம், ஒட்டுப்போடாத ஒரே மரம், இந்த மாவட்டத்திலேயே விளையாத மரம், அப்படிப்பட்ட பலகை நம் கடை நெற்றியில் தவிர வேறு எங்கே இருக்கிறது? மெழுகுக் கடைக்குப் பலகையே கிடையாது! முதல் கடையாம், பெரிய முதல் கடை, நூறு வருஷமாக ஒரு பெயர்ப்பலகை மாட்டத் துப்பில்லாமல் வாசலில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பரம்பரையாகக் கஞ்சர்கள். ரயிலில் வந்த முதல் பலகை நம்முடையது என்றால் முதல் கடை யாருடையது? சரித்திரம் படித்தவன் நீ, நீயே சொல்.

ஆகவே இன்று சாயங்காலம் தச்சரை வைத்துப் பலகையைக் கழற்றி, படம் எடுத்து, இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். நீ உடனே அந்தப் "பின்னரை" அடித்துவிட்டு, "முதல் கடை ஆணிக்கடை" என்று திருத்தி, வெள்ளிக்கிழமை காலைக்குள் கல்தச்சருக்குப் போன் போட வேண்டும். போடவில்லையென்றால் எனக்கு மருமகன் இல்லை, உனக்கு மாமன் இல்லை, உன் புத்தகத்தை வாங்க இந்தத் தெருவில் ஆளும் இல்லை. அக்காவிடம் நான் கோபமாக இருப்பதாகச் சொல். கோபத்திலும் அவள் மூட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னதாகவும் சொல். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு ஆசீர்வாதம் தயாராக இருக்கிறது, திருத்தம் வந்ததும் புறப்படும்.

இப்படிக்கு,
முதல் கடையின் மூன்றாம் தலைமுறை,
உன் மாமன்

பின்குறிப்பு: பலகையைக் கழற்றியாயிற்று. படம் அனுப்பவில்லை. தச்சர் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்தோம், எனக்கு மூச்சு வாங்கியது. எதிரேயிருந்து மெழுகு ஓடி வந்து நடுவில் தாங்கினான். "மெதுவா அண்ணே, மெதுவா, பழைய மரம்" என்றான். திருப்பிச் சுவரில் சாய்த்தோம். பின்பக்கம் முழுக்கச் சிவப்பு எழுத்தில் "மெழுகுவர்த்திக் கடை" என்று இருக்கிறது, சுடரோடு ஒரு மெழுகுவர்த்தி வரைந்து, ரயில் வந்த வருஷமும் போட்டு. அதை ஒருவரும் புதுப்பித்ததில்லை. ஓரத்தில் பென்சிலில் தாத்தா கையெழுத்து, எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து: "கடை திறக்கிறேன், பலகை இல்லை என்றேன். எதிர்க்கடைக்காரர் தன் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஆணி மட்டும் என்னுடையது."

மெழுகும் படித்தான். அவனுக்கும் இது தெரியாது போலிருக்கிறது. "உன் பலகையை நீ எடுத்துக்கோ" என்றேன். "இருக்கட்டும் அண்ணே, எங்க கடை எங்க இருக்குன்னு ஊருக்குத் தெரியும்" என்றான். அன்பாகச் சொன்னானா குத்திச் சொன்னானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கஞ்சர்கள் என்று மேலே எழுதியதை அடித்துவிடு, எனக்கு அடிக்க மனசில்லை, காகிதம் அசிங்கமாகிவிடும்.

பதினேழாம் பக்கம் அப்படியே இருக்கட்டும். கல் எதிர்க்கடைக்கே போகட்டும். நம் சுவர்க் குழியில் உன் அத்தை கடிகாரம் வைத்துவிட்டாள், அளவு எடுத்து வெட்டியதுபோல் பொருந்துகிறது. தேவாலயத்து ஆணியை நாளைக்கு நானே ஏறி அடித்துவிடுகிறேன், ஏணியைப் பிடிக்க மெழுகு வருகிறேன் என்றிருக்கிறான். ஒரே ஒரு வரி மட்டும் புத்தகத்தில் சேர். முதல் கடையின் கல்லைச் சுவரில் நிறுத்த ஆணி கொடுத்தது எதிர்க்கடை என்று. நாலு ஆணி போதும் என்கிறார் கல்தச்சர். நீ நாற்பது என்று போடு.